கப்பலில் ஏறாத மூவர்

“அகில அண்டத்திலும் சிதறி வாழும் விஞ்ஞானத் தொடர்கதை ரசிகப் பெருமக்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு. ‘நெப்டியூன் நெடும்பயணம்’ இரண்டாம் பாகத்தில் வாரந்தோறும் இழைக்கப்பட்டு வரும் மாபாதகத்தைக் கண்டித்து, அடுத்த வாரம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஆம்பூரில் மாபெரும் கண்டனக் கூட்டம் நடைபெறும். வரலாறு இந்த நாளைக் குறித்துக்கொள்ளும். இடம்: தோல் தொழிற்சாலை டைம் ஆபீஸ். மழை பெய்தால் குடை கொண்டுவரவும்.”

இப்படி எழுதி, கார்பன் வைத்து நாலு பிரதி எடுத்து முடித்த பிறகு, பஞ்சாட்சரம் தம் கையெழுத்தைத் தாமே ஒருமுறை தூரமாகப் பிடித்து ரசித்தார். அவர் அந்தத் தொழிற்சாலையில் டைம் கீப்பர். விண்வெளி வாசகர் வட்டத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர். வட்டத்தில் மற்ற பதவிகள் காலியாக இருந்தன. உறுப்பினர் இடங்களும் ஏறக்குறைய அப்படியே.

அதன் பிறகுதான், அந்தத் தொடரை வெளியிடும் ‘சரவெடி’ வார இதழின் புதிய பிரதியைப் பிரித்தார். கதைக்குப் போவதற்கு முன் வாசகர் கடிதங்களுக்குப் போவது அவர் வழக்கம். மூன்றாவது கடிதம், பள்ளிகொண்டா வீரபாகு எழுதியது. வீரபாகு பெயரில் அதை எழுதியவர் பஞ்சாட்சரமே என்பதால் வரிக்கு வரி மனப்பாடம். ‘ஆசிரியர் அவர்களே, முதல் பாகத்தில் கப்பலில் ஏறிய மூவரை, இரண்டாம் பாகத்தில் ஏறவே இல்லை என்று எழுத உமக்கு எப்படி மனம் வந்தது?’ அவ்வளவுதான் அவர் எழுதியது.

அதற்குக் கீழே இன்னொரு வரி அச்சாகியிருந்தது.

‘நாங்கள் ஏறினோம்.’

அச்சுக் கோப்பவன் குடித்துவிட்டு வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் மேஜை இழுப்பறையிலிருந்து கார்பன் பிரதியை எடுத்துப் பார்த்தார். அதில் அந்த வரி இல்லை. அதுவரை காதிலேயே விழாத சுவர்க் கடிகாரத்தின் ஓசை, அந்த நேரம் பார்த்து, யாரோ ஆணி அடிப்பதுபோலக் கேட்க ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். முதல் பாகத்தில் ‘ககன கருடன்’ என்ற கப்பலில் நாலு பேர் புறப்பட்டார்கள். கடைசி அத்தியாயத்தில் எரிகல் மழையில் மூன்று பேர் செத்துப் போனார்கள். அந்த வாரம் குடியாத்தத்தில் ஒரு லுங்கித் தறிக்கூடமே சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி. ஒரு வருஷ இடைவெளிக்குப் பின் 1981-இல் இரண்டாம் பாகம் ஆரம்பித்தது. கப்பல் தலைவன் பூமியில் வந்து இறங்கினான். ‘மற்ற மூவர் எங்கே?’ என்று கேட்டார்கள். ‘எந்த மூவர்? நான் தனியாகத்தான் போனேன். அவர்கள் ஏறவே இல்லை’ என்றான். இதில் ஏதோ மர்மம் இருக்கிறது என்று வாசகர்கள் ஆறு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மர்மம் வரவில்லை. நெப்டியூன் இளவரசி ஒருத்தி வந்து நடனம் ஆடினாள்.

தமிழ்நாடு கொதித்தது. அதாவது ஒரு நாற்பது பேர் கொதித்தார்கள். வாணியம்பாடியில் ஒருவர் கறுப்புப் பட்டை அணிந்து வேலைக்குப் போனார். வீட்டில் யார் தவறிப் போனது என்று கேட்டு மேஸ்திரி அரைநாள் லீவு கொடுத்து அனுப்பினார். வாலாஜாபேட்டை மாணவர் ஒருவர் இதழை நடுத்தெருவில் கொளுத்தினார். இளவரசி இருந்த அட்டையை மட்டும் முன்னாலேயே கிழித்து வைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அந்தக் குளிரில் அந்த உடையோடு நின்றால் இளவரசிக்கு மார்ச்சளி உறுதி என்று விஞ்ஞான ரீதியாக நிரூபித்தார். இந்தப் படைக்கெல்லாம் தளபதி தாமே என்று பஞ்சாட்சரம் முடிவு செய்துகொண்டார். படைக்கு அது தெரியாது.

“இன்னா சார் இது பேஜாரு? இல்லாத கப்பல்ல இல்லாத ஆளு ஏறினா இன்னா, ஏறாட்டி இன்னா?” என்று டீக்கடையில் கேட்டார் வாஹித் பாஷா. அவர் அதே தொழிற்சாலையில் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தரம் பிரிக்கிறவர். ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே கண் பழகியவர்.

“ஏறினவன ஏறலன்னு எழுதறது எவ்ளோ பெரிய அயோக்கியத்தனம் தெரியுமா பாஷா? செத்தவனுக்குன்னு ஒரு மரியாத கெடையாதா? அவன் பேரையே அழிக்கறதுக்கு இவன் யாரு?”

பாஷா கிளாசைக் கீழே வைத்தார்.

“நீங்களா சார் இதச் சொல்றீங்க?”

“வேற யார் சொல்வா? தலைவர் நாந்தானே?”

பாஷா டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

அந்தத் தொழிற்சாலையில் ஆளுக்கொரு பித்தளை டோக்கன் உண்டு. காலையில் பலகையிலிருந்து தன் டோக்கனை எடுத்து, டைம் ஆபீஸ் ஜன்னலில் இருக்கும் தகரப் பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டியில் விழுந்த எண்களைப் பார்த்து டைம் கீப்பர் மஸ்டர் ரோலில் பெயரை ஏற்றுவார். ‘பேர் ஏறிச்சா சார்?’ என்று கேட்டுவிட்டுத்தான் எவனும் உள்ளே போவான். ஏறியவன் வந்தவன். ஏறாதவன், சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு நின்று வேலை செய்தாலும் வராதவன்.

1979 ஐப்பசியில் ஒரு நாள் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய நாற்பத்தொன்று, வீரபாகு, இறங்கினான். குரல் வரவில்லை என்று நாற்பத்திரண்டு, காசிநாதன், இறங்கினான். இரண்டு பேரையும் தூக்க அறுபத்தேழு, சம்பத், இறங்கினான். மூன்று பேரையும் சாயங்காலம் கயிறு கட்டி எடுத்தார்கள். மேனேஜர் டைம் ஆபீசுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, “மஸ்டர்ல ஏறியிருக்காங்களா?” என்று கேட்டார். “ஏறியிருக்காங்க சார்.” “ஏறியிருக்கக் கூடாதே” என்றார் மேனேஜர். குரலை உயர்த்தக்கூட இல்லை. பஞ்சாட்சரம் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினார். அழகான கையெழுத்து. மூன்று டோக்கன்களையும் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துப் பலகையில் மாட்டினார். மறுநாள் ஊருக்குள் செய்தி இப்படிப் பரவியது: அன்றைக்கு வேலைக்கே வராத மூன்று பேர், தோல் திருட மதில் ஏறிக் குதித்து, இருட்டில் தொட்டியில் விழுந்தார்கள்.

சம்பத்தின் மனைவி கண்ணம்மாள் ஜன்னலுக்கு வந்தாள். அழவில்லை. “ஒரே ஒரு வார்த்த கேக்கறேங்க. அவரு டோக்கன் போட்டாரா, போடலையா?”

“வரலம்மா,” என்றார் பஞ்சாட்சரம்.

தன் புருஷன் திருடன் இல்லை என்று அவள் போட்ட வழக்கு இப்போது வேலூரில் நடக்கிறது. கூட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, பஞ்சாட்சரம் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். ‘நீளமாப் பேசாதீங்க சார், வரலன்னு ஒரு வார்த்த போதும்’ என்று கம்பெனி வக்கீல் பழக்கியிருந்தார்.

ஒரு ஆள் பெயரில் ஒரு கடிதம்தான் என்று ‘சரவெடி’ கண்டிப்பாகச் சொல்லிவிட்டபோது, பஞ்சாட்சரத்துக்குப் பொய்ப் பெயர்கள் தேவைப்பட்டன. கற்பனை அவருக்கு வராது. மஸ்டரில் இருப்பவன் பெயரை எழுதினால் அவன் நாளைக்குச் சண்டைக்கு வருவான். சும்மா கிடந்தவை மூன்று பெயர்கள். விலாசமும் கைவசம் இருந்தது: பள்ளிகொண்டா, அணைக்கட்டு, வாலாஜாபேட்டை. அந்தந்த ஊருக்குப் போகிற லாரிக்காரர்களிடம் கொடுத்து அங்கேயே தபாலில் போடச் சொன்னார். எதற்காகக் கொதிக்கிறோம், யார் பெயரில் கொதிக்கிறோம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. பெரிய மனிதர்களுக்கு இந்த வசதி உண்டு.

அடுத்த இதழில் அணைக்கட்டு காசிநாதன் கடிதம் வந்தது. அவர் எழுதியது நாலு வரி. அச்சானது ஏழு வரி.

‘பெயர் ஏறியதா என்று கேட்டுவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் ஏறிவிட்டது, போ என்றார். ஆசிரியர் இதைத் தெளிவுபடுத்துவாரா?’

விண்வெளிக் கப்பலுக்கு ஜன்னல் இருக்கலாம். பெயர் ஏற்றுகிறவன் இருக்க மாட்டான். பஞ்சாட்சரம் இதழை மடித்தார். பிறகு பிரித்தார். வரிகள் அங்கேயே இருந்தன. யாரோ விளையாடுகிறான், பாஷாவாக இருக்கும், பாஷாவுக்குத் தமிழ் எழுத வராதே, யூனியன்காரனாக இருக்கும் என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, கடைசியில் சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனார்.

சனிக்கிழமை வீட்டுக்கு ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. மனைவி தனகோடி அதை இரண்டு விரலால் நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“இன்னாங்க, இது ஏன் இப்டி ஊறிப்போய் இருக்கு? தபால்காரரு சட்டையெல்லாம் நல்லா காய்ஞ்சுதான் இருந்துது.”

“மழ.”

“எங்க மழ? காலைலேர்ந்து வெயிலு மண்டையப் பொளக்குது. ஊர்ல ஆம்பளைங்க கட்சிக்காகச் சண்ட போடறாங்க, நெலத்துக்காகச் சண்ட போடறாங்க. நீங்க கெரகத்துக்காகப் போடறீங்க. கெரகம்!”

வாலாஜாபேட்டை முத்திரை. உள்ளே இருந்தது அவருடைய கையெழுத்து. சுழிகள், ‘ழ’வின் வால், வரிக்குக் கீழே அவர் இழுக்கும் அந்தக் கம்பீரமான கோடு, எல்லாம் அவருடையதே. மை மட்டும் கசிந்திருந்தது.

‘தலைவர் அவர்களுக்கு, கூட்ட அறிவிப்பு கண்டோம். மூவரும் வருகிறோம். டோக்கன் போட்டுவிட்டு வருகிறோம். இப்படிக்கு, சம்பத்.’

“யாருங்க எழுதியிருக்கறது?”

“ரசிகர்,” என்றார் பஞ்சாட்சரம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாலு இடத்தில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. தலைவரே வராத கண்டனக் கூட்டம் என்று பாஷா ஒரு வருஷம் சொல்லிச் சிரிப்பார். பயத்தைவிட அவருக்கு அது பெரிய பயமாக இருந்தது.

நாலரைக்கே வானம் இறங்கிவிட்டது. கேட்டில் வாட்ச்மேன் சுப்பராயன் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “இன்னா சார், லீவு நாள்லயா?” என்று கேட்டுக் கதவைத் திறந்துவிட்டார். வாரம் முழுக்கத் தோலைச் சுழற்றியபடி கடகடவென்று உருளும் மரப் பீப்பாய்கள் நின்றிருந்தன; அந்தச் சத்தத்துக்கு அடியில் இத்தனை வருஷமாகப் புதைந்து கிடந்த சின்னச் சின்ன ஓசைகள், தகரக் கூரையில் மழை ஓடுவதும், சாக்கடையில் தண்ணீர் எதையோ விழுங்குவதும், காயப்போட்ட தோல்கள் ஒன்றோடொன்று உரசி ஈரக் காலடிபோல ‘சளக் சளக்’ என்பதும், வெளியே வந்து அந்தப் பெரிய வளாகத்தில் தங்கள் இஷ்டத்துக்கு நடமாடிக்கொண்டிருந்தன. டைம் ஆபீசில் பத்து நாற்காலி போட்டார். சோடா வாங்கி வைத்தார். ஐந்து மணி ஆனது. ஐந்தேகால் ஆனது. மாபெரும் கூட்டத்தில் அவர் மட்டும் இருந்தார்.

“வரலாற்றுச் சிறப்பு மிக்க இந்தக் கூட்டம்,” என்று நாற்காலிகளைப் பார்த்து ஆரம்பித்தார். தனியாக இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டார். “கப்பலில் ஏறிய மூவரை ஏறவில்லை என்று…”

கரண்டு போனது.

ஜன்னலுக்கு வெளியே மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சம் நாற்காலிகளின் முதுகுகளை மட்டும் காட்டியது. அப்போது ஒரு வாடை வந்தது. ஆம்பூர்க்காரர் மூக்குக்குத் தோல் வாடை வாடையே இல்லை. அவர் வருஷக்கணக்காக எதையும் முகர்ந்ததில்லை. இது வேறு. அழுகிய முட்டையை மூக்குக்குள் உடைத்து ஊற்றியதுபோல, கண்ணில் நீர் வரவழைக்கும் வாடை, கதவின் அடியிலிருந்து, தரையோடு தரையாக, பாய் விரிப்பதுபோல மெதுவாகப் பரவி வந்தது.

டங்.

தகரப் பெட்டிக்குள் ஒன்று விழுந்தது.

அவர் பலகையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை.

டங். டங்.

ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே மூன்று உருவங்கள் வரிசையாக நின்றன. காலையில் நிற்பதுபோலவே, ஒருவன் முதுகுக்குப் பின் ஒருவன். மழை அவர்கள்மேல் பெய்தது. அவர்களிடமிருந்து சொட்டியது மழை இல்லை. கெட்டியாக, தாமதமாகச் சொட்டியது.

“நாப்பத்தொண்ணு.”

குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது.

“நாப்பத்திரெண்டு.”

“அறுவத்தேழு. பேர் ஏத்துங்க சார்.”

மேஜையில் மஸ்டர் ரோல் திறந்திருந்தது. அவர் திறக்கவில்லை. 1979 ஐப்பசிப் பக்கம். பேனா கையில் இருந்தது. எடுத்த ஞாபகம் இல்லை. மூன்று பெயர். எழுதினால் மூன்று வரி. எழுதினால் செவ்வாய்க்கிழமை எல்லாம் போய்விடும். வேலை. பேர். மேனேஜரிடம் இருக்கும் மதிப்பு. தலைவர் பதவி. பேனா முனை காகிதத்தைத் தொட்டது. ஒரு பொட்டு மை பரவியது.

“ஏத்துங்க சார். போயிடறோம்.”

கெஞ்சவில்லை. மிரட்டவில்லை. தினமும் கேட்பதுபோலவே கேட்டான்.

பஞ்சாட்சரம் வாயைத் திறந்தார். எந்த வார்த்தை வருகிறது என்று அவருக்கே தெரியவில்லை. பழகிய வார்த்தைதான் வந்தது.

“நீங்க வரல.”

வரிசையில் மூன்று தலைகளும் ஒன்றாக அசைந்தன.

“சரி சார்,” என்றது அறுபத்தேழு. “அப்போ நீங்க வாங்க.”

நாற்காலிகள் சரிந்தன. அவர்தான் தள்ளினார். பின்கதவு. தாழ்ப்பாள் வழுக்கியது. திறந்தது. மழை. ஓடினார். கேட் நேர் எதிரே, ஐம்பது அடி. சுப்பராயனின் பீடி நெருப்பு தெரிந்தது. “சுப்பராயா!” வாடை கூடவே வந்தது. நெஞ்சுக்குள் இறங்கியது. இருமினார். கண் எரிந்தது. இன்னும் இருபது அடி. பத்தடி. அப்புறம் திடீரென்று நல்ல காற்று. வாடை இல்லை. சுத்தமாக இல்லை. ஆழமாக மூச்சை இழுத்தார். அப்பாடா.

இழுத்த மூச்சு பாதியில் நின்றது.

தொட்டி வேலை செய்கிற எவனுக்கும் தெரியும். வாடை அடிக்கிற வரைக்கும் பயமில்லை. வாடை நின்றால் மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். வாயு நிறைந்த இடத்துக்குள் ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

காலுக்குக் கீழே தரை இல்லை. இரும்புப் படி இருந்தது. கேட் எதிரே இல்லை. மேலே இருந்தது. எல்லாமே மேலே இருந்தன. மழை, வெளிச்சம், பீடி நெருப்பு. வட்டமாக ஒரு துண்டு வானம். சேறு முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. கத்தினார். கத்தியது வெளியே வரவில்லை.

வட்டத்தின் விளிம்பில் மூன்று முகங்கள் குனிந்து பார்த்தன. கண் இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளை. மூவர் வாயும் திறந்திருந்தது. மூச்சுக்காகத் திறந்து, அப்படியே நின்றுபோன வாய்கள்.

தூரத்தில் சுப்பராயனின் குரல் கேட்டது. “சார் கத்துன மாரி இருந்துச்சே? டைம் கீப்பரு உள்ளதானே இருக்காரு?”

மூன்றாவது முகம் திரும்பியது. அதிலிருந்து வந்தது பஞ்சாட்சரத்தின் குரல். அவருடைய நிதானம், அவருடைய செருமல், எல்லாம் அப்படியே.

“வரல.”

மூடி நகர ஆரம்பித்தது. இரும்பு கல்லில் உரசியது. வானம் அரைவட்டமானது. கீற்றானது. அந்தக் கீற்றில் கடைசியாக ஒரு கை உள்ளே நீண்டது. சேற்றுக்கு மேலே தத்தளித்த அவர் விரல்களுக்கு நடுவே, பேனாவை, எழுதும் பக்கம் சரியாக வரும்படி, பொறுமையாகச் செருகிவிட்டுப் போனது.

செவ்வாய்க்கிழமை வேலூரில் கண்ணம்மாளின் வழக்கு, முக்கிய சாட்சி வராததால், தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.